நூற்று முப்பது டிகிரிக்கு அப்பால்

— உங்கப்பாகிட்ட சொல்லு, அந்த மேசைமேல சாய வேண்டாம்னு. அது லேப். அவரு வீட்டு சோபா இல்ல.

— உங்கம்மாகிட்ட சொல்லு கண்ணு, நான் சாய வரலன்னு. அதாவது, இந்த ரூமுக்குள்ள கால் வெக்கணும்னு எனக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்ல. நீ கூப்பிட்ட, வந்தேன்.

— அய்யோ, ரெண்டு பேரும் ரெண்டடி தூரத்துல நிக்கிறீங்க. நேராவே பேசிக்கலாமே. நடுவுல நான் என்ன, தபால்காரியா?

— ஒம்பது வருஷமா அப்படித்தானேடி ஓடுது. இன்னிக்கு மட்டும் என்ன புதுசா? அவரு கையில இருக்கற பையை அந்தப் பம்ப் மேல வெச்சிடப் போறாரு, அதையும் சேத்துச் சொல்லிடு. பம்ப் கொதிக்குது. அவருக்கு எங்க தெரியும், பென்சில் மட்டும் பிடிச்ச கை.

— பாத்தியா. உள்ள வந்து ரெண்டு நிமிஷம் ஆகல. இதுக்குத்தான் நான் வரமாட்டேன்னேன்.

— ப்பா, நீங்க இருக்கறது ரெண்டு கட்டடம் தள்ளி. ஏதோ கடல் தாண்டி வந்த மாதிரி பேசாதீங்க. ம்மா, அந்தப் பம்ப்பைக் கொஞ்சம் நிறுத்தேன். காதே கேக்கல.

— நிறுத்தறதா? இந்த சேம்பருக்குள்ள காத்தே இல்லாம ஆக்கறதுக்கு மூணு நாள் ஆகியிருக்கு. உங்கப்பா ஒருத்தர் வந்துட்டாருன்னு திறந்து விட்டுடுவேனா? சத்தம் ஆகலன்னா காதைப் பொத்திக்கச் சொல்லு.

— உங்கம்மா இன்னும் அந்த இரும்புக் குண்டானுக்கு அலுமினியத் தாள் சுத்தி வெச்சிருக்காங்க பாரு. பயணத்துக்கு சோறு கட்டின மாதிரி.

— குண்டானாம்! அது உள்ளுக்குள்ள ஒட்டிட்டிருக்கற தண்ணிய சூடு பண்ணி விரட்டறதுக்குடி. ஒரு நாள் இதுல வேலை செஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும். காகிதத்துல சூன்யம்னு எழுதினா சூன்யம் வந்துடும்னு நெனக்கிறவங்களுக்கு எப்படிப் புரியும்?

— போதும்! மணி மூணாகப் போகுது. ஆறு மணிக்குள்ள நான் பதில் அனுப்பணும். அனுப்பலன்னா தீசிஸ் திரும்பி வந்துடும். தீசிஸ் திரும்பிட்டா பட்டம் இல்ல. பட்டம் இல்லன்னா ஒண்ணாம் தேதி சேர வேண்டிய வேலை இல்ல. அவங்க காத்திருக்க மாட்டோம்னு எழுத்துலயே குடுத்துட்டாங்க. அதுக்குத்தான் உங்க ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல கொண்டுவந்து நிறுத்தியிருக்கேன். ஆசைப்பட்டு இல்ல.

— யாருடி உன்னோடத திருப்பி அனுப்பறது? அந்த மூணு பேர் கமிட்டியா? அதுல ஒருத்தன் என்கிட்ட ஒழுங்கா ஒரு நட்டு முடுக்கத் தெரியாம அழுதவன்.

— இன்னொருத்தர் என் கிளாஸ்ல கடைசி பெஞ்சுல தூங்கினவர். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

— உங்கப்பா கிளாஸ்ல தூங்காதவங்க யாருன்னு கேளு. எண்ணிக்கை சுலபமா முடியும்.

— ரெண்டு பேரும் வாயை மூடிட்டுக் கேளுங்க. கமிட்டி லெட்டரைப் படிக்கிறேன். "மாணவி தம் ஆய்வேட்டில் தந்துள்ள அளவு நான்கு. ஆனால் இதே அளவு, இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகளில், ஒன்று ஆய்வுக்கூடத்தில் அளந்தும், மற்றொன்று கணக்கிட்டும், ஐந்து என்று நிறுவப்பட்டுள்ளது. இரண்டு வழிகளும் ஒரே விடைக்கு வருவதால், பிழை மாணவியின் கருவியில் இருப்பதாகவே கொள்ள வேண்டியுள்ளது. முந்தைய இரண்டில் எது, எங்கே தவறியது என்று மாணவி காட்டினாலொழிய ஆய்வேட்டை ஏற்பதற்கில்லை." அவ்வளவுதான்.

— சரியாத்தானே எழுதியிருக்கான், அந்த அழுமூஞ்சி.

— "ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத." நல்லா இருக்கு. அதாவது, இப்போ இன்னும் பொருத்தமா இருக்கு.

— ப்பா, இது சிரிக்கற விஷயமா? அந்த ரெண்டு வழி யாருன்னு பேர் போடாம விட்டிருக்காங்க, மரியாதைக்கு. அளந்தது என் அம்மா, கணக்கு போட்டது என் அப்பா. உங்களோட அந்த அஞ்சைத்தான் உலகம் பூரா எல்லா அட்டவணையிலயும் போட்டு வெச்சிருக்காங்க. எனக்குன்னு வந்து வாய்ச்சீங்க பாருங்க.

— நாங்க சொன்னோமா, இதே தலைப்பை எடுன்னு? மீன், வண்டு, நட்சத்திரம், எவ்வளவோ இருக்கு. நீதான் பிடிவாதம் பிடிச்ச.

— ம்மா, நான் எழுதி வெச்சிருக்கற பதிலோட ஆரம்பத்தைக் கேளு. "ஹைட்ரஜன் மூலக்கூறு என்பது இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்து நிற்பது. மூலக்கூறுகளிலேயே எளியது. அதன்மேல் ஓர் எலக்ட்ரானை எறிந்தால், பெரும்பாலும் அது வெறுமனே தெறித்து ஓடிவிடும். சில சமயம் மட்டும் மூலக்கூறை அதிரவைத்து, தன் சக்தியில் கொஞ்சத்தை அதனிடம் இழந்துவிட்டுப் போகும். அப்படி அதிரவைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதே இந்த எண்."

— இதென்னடி பள்ளிக்கூடக் கட்டுரை? சேர்ந்து நிக்கிற ரெண்டை வெளியில இருந்து வந்த ஒண்ணு இடிச்சு ஆட்டி விட்டுட்டுப் போகுது. இத எழுதவா ஆறு வருஷம்?

— கமிட்டியோட மூணாவது ஆள் தாவரவியல்மா. அவருக்கும் புரியற மாதிரி எழுதணுமாம்.

— தாவரவியலா! செடி பிடுங்கறவரு என் அளவைப் பத்தி முடிவு பண்றாரா? தூ.

— கண்ணு, ஒண்ணு சொல்றேன். உங்கம்மாவுக்கு மனுஷங்களை மதிக்க வராது. அத விடு. ஆனா இந்த விஷயத்துல கமிட்டி சொல்றதுல நியாயம் இருக்கு.

— சரி. அப்போ கேக்கறேன். சுத்தி வளைக்காம ரெண்டு பேரும் பதில் சொல்லுங்க. அஞ்சு சரியா, நாலு சரியா?

— அஞ்சு.

— அஞ்சு.

— பரவால்லயே. ரெண்டு பேரும் ஒரே வார்த்தையை ஒரே நேரத்துல சொல்லி என் வாழ்க்கையில இப்பத்தான் கேக்கறேன்.

— இங்க பாருடி. உங்கப்பாவை நான் எதுலயும் நம்பமாட்டேன். அடுப்பை அணைச்சாச்சான்னு கேட்டா, "அணைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம்"னு சொல்ற ஆளு. உன்னை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரச் சொன்னா, போன வருஷத்து கிளாஸ் வாசல்ல ஒரு மணி நேரம் நின்னுட்டு, "குழந்தை வரலியே"ன்னு வெறுங்கையோட வந்தாரு. ஆனா கணக்குன்னு உக்காந்துட்டா அந்த மனுஷன் கிட்ட தப்பே வராது. அவரு அஞ்சுன்னா அது அஞ்சு.

— பாராட்டுக்கு நன்றின்னு சொல்லிடு. அதாவது, நானும் அதையேதான் சொல்ல வந்தேன். உங்கம்மா வாயைத் திறந்தா எதிர்ல இருக்கறவனுக்கு ரத்தக் கொதிப்பு வரும். பொறுமை மருந்துக்கும் கிடையாது. வீட்டுல ஒரு சாவி வெச்ச இடத்துல வெச்சது கிடையாது. ஆனா இந்தக் குண்டானுக்கு முன்னால உக்காந்தா, ஒரு எலக்ட்ரானை எண்ணாம விடமாட்டாங்க. அவங்க அஞ்சுன்னா அஞ்சு. கோளாறு உன்னோடதுலதான்.

— ரொம்ப சந்தோஷம். ஒருத்தரை ஒருத்தர் காறித் துப்பிக்குவீங்க. ஆனா ஒருத்தருக்கு ஒருத்தர் சாட்சி. நடுவுல நான் மட்டும் பைத்தியம்.

— பைத்தியம்னு யாரு சொன்னா? மெஷின்தான் சரியில்லன்னேன். அதுவும் ஒரு மெஷினா? காந்தத்தைச் சுத்தி வெச்சிருக்காளாம், காந்தம்! எலக்ட்ரான் கிட்ட காந்தத்தைக் கொண்டுபோனா அது வழி மாறிப் போகும்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் இந்த ரூமுக்குள்ள கையில ஒரு இரும்பு வளையல் போட்டுட்டு வந்தது கிடையாது.

— வழி மாறணும்னுதான்மா காந்தமே வெச்சேன். இத நான் உனக்கு ரெண்டு வருஷமா சொல்றேன், நீ காதுலயே வாங்கல. உன் சேம்பர்ல எலக்ட்ரானை எண்ணற டிடெக்டர் எதுவரைக்கும் சுத்தும்?

— நூத்தி முப்பது டிகிரி.

— அதுக்கு மேல?

— அதுக்கு மேல போனா எலக்ட்ரான் எறியற கன்லயே இடிக்கும். உலகத்துல அந்தக் காலத்துல எல்லா சேம்பரும் அப்படித்தான்.

— அதான். போய் மோதிட்டு, வந்த வழியே பின்னாடி திரும்பி வர்ற எலக்ட்ரான உன்னால எண்ணவே முடியாது. அங்க கன் நிக்குது. நான் காந்தத்தால வளைச்சு, பின்னாடி வர்றதைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்து எண்ணினேன். நூத்தி எம்பது வரைக்கும். ஒரு டிகிரி விடல.

— எண்ணி?

— பின்னாடி பெருசா ஒண்ணும் வரல. அதனாலதான் எனக்கு நாலு.

— வரலன்னா உன் காந்தம் முழுங்கியிருக்கும்.

— ம்மா, ஒரு கேள்வி கேக்கறேன். எகிறாம பதில் சொல்லு. நூத்தி முப்பதுக்கு மேல இருக்கற அம்பது டிகிரிக்கு, நீ எப்படி நம்பர் போட்ட?

— பேப்பர்லயே இருக்கு. படிச்சுக்கோ.

— படிச்சேன். மனப்பாடமே ஆயிடுச்சு. "தகுந்த முறையில் நீட்டிக்கப்பட்டது." எதைப் பாத்து நீட்டின?

— எல்லாரும் நீட்டினாங்க. நானும் நீட்டினேன்.

— எதைப் பாத்தும்மா?

— ஏய், பேச்சு குடுத்து குடுத்து... அந்த மீட்டரைப் பாரு, அழுத்தம் ஏறுது. வால்வைப் பாக்கணும், தள்ளு.

— அழுத்தம் ஏறல. நானும் அந்த மீட்டரைத்தான் பாத்துட்டு நிக்கறேன். முள்ளு அசையல.

— கொஞ்சம் இரு கண்ணு, கொஞ்சம் இரு. அதாவது, உங்கம்மா நீட்டினாங்கன்னு எனக்குத் தெரியும். ஏதோ உருப்படியான காரணம் வெச்சு நீட்டியிருப்பாங்கன்னு நெனச்சேன். காரணமே கிடையாதா? மனசுக்குப் பட்டதையா போட்டாங்க?

— உங்கப்பாவைச் சும்மா இருக்கச் சொல்லு.

— எப்படிச் சும்மா இருக்கறது? ஒவ்வொரு கூட்டத்துலயும் எழுந்து நின்னு, "கணக்கு போடறவங்க ஒரு நாளாவது கையில அழுக்குப் பட வேலை செஞ்சு பாக்கணும்"னு என்னைப் பாத்துக்கிட்டே பேசுவாங்களே. எல்லாரும் திரும்பி என்னைப் பாத்து சிரிப்பாங்க. கடைசில பாத்தா அம்மணி நாற்காலியில உக்காந்த வாக்குலயே அம்பது டிகிரி அளந்திருக்காங்க. அளந்து விட்டிருக்காங்க.

— ப்பா, போதும்.

— என்ன போதும்? பென்சில்னு எனக்குப் பேர் வெச்சது யாரு? இந்த கேம்பஸ்ல காவலாளி வரைக்கும் அந்தப் பேர் தெரியும். இப்ப சொல்லச் சொல்லு, யாரு பென்சில்னு.

— ம்மா, அவரை விடு. நீ எனக்குச் சொல்லு. எதைப் பாத்து?

— சொல்லமாட்டேன்.

— என் வேலை போயிடும்மா.

— போகட்டும். இந்த ஒரு வேலைதானா உலகத்துல?

— அம்மா! ஆறு வருஷம் இந்த நாலுக்காக ராப்பகலா உழைச்சிருக்கேன். உங்க அஞ்சைக் கேட்டுக் கேட்டு வளந்தவ நான். உங்களுக்கு ரெண்டு பேருக்கும் சேத்துக் குடுத்தாங்களே ஒரு விருது, அந்தக் கண்ணாடிப் பலகை. பிரியும்போது ஸ்பூன் வரைக்கும் சண்டை போட்டுப் பிரிச்சீங்க. அத மட்டும் ரெண்டு பேருமே வேண்டாம்னு விட்டுட்டுப் போனீங்க. என் கட்டிலுக்கு அடியில கெடக்கு இன்னும். அப்போ எனக்குப் புரியல, ஏன் யாருக்கும் அது வேண்டாம்னு. இப்பவும் புரியல.

— எனக்கு ஏன் வேண்டாம்னு எனக்குத் தெரியும். அவருக்கு ஏன்னு தெரியாது.

— விடு கண்ணு, அழாத. பதில் எழுது, நான் சொல்றேன். "என் தாயார் அளக்காததை அளந்ததாக எழுதியிருக்கிறார். எனவே அந்த அளவு செல்லாது." முடிஞ்சுது. கணக்கு தனி. அதுக்கு ஒண்ணும் ஆகல. அதாவது, அது யாரையும் பாத்து எழுதின கணக்கு இல்ல.

— என்ன சொன்னாரு உங்கப்பா?

— யாரையும் பாத்து எழுதினது இல்லன்னேன்.

— அப்படியா? சரி. அப்போ இதையும் கேட்டுக்கோ. உன் கோட்டைத்தான்டா போட்டேன்.

— ...என்ன?

— இப்ப காது கேக்குதா? நேராவே சொல்றேன், தபால்காரி வேண்டாம். நூத்தி முப்பதுக்கு மேல நான் பாத்து நீட்டினது உன் கணக்குல வந்த கோட்டை. நீ பென்சில்ல போட்டு என் கையில குடுத்தியே ஒரு காகிதம், அதை. என் புள்ளிங்க முடியற இடத்துல உன் கோட்டை ஒட்டினேன். அது பின்னாடி போகப் போக மேல தூக்கிட்டு நின்னுது. அதையும் சேத்துக் கூட்டினேன். அஞ்சு வந்துச்சு. போதுமா? சிரி. காவலாளியைக் கூப்பிட்டு அவங்கிட்டயும் சொல்லிச் சிரி.

— ப்பா? ஏன்ப்பா முகம் இப்படி வெளுத்துப் போச்சு?

— ஒண்ணுமில்ல. நான்... நான் கிளம்பறேன். மூணரைக்கு ஒரு வேலை இருக்கு.

— எங்க போறீங்க? கதவை விட்டு நகரமாட்டேன். ஒரு வேலையும் கிடையாது உங்களுக்கு, நான் கேட்டுட்டுத்தான் கூப்பிட்டேன்.

— இருக்கச் சொல்லுடி. முழுசாக் கேட்டுட்டுப் போகட்டும். ஒவ்வொரு மேடையிலயும் ஏறி, "என் மனைவியின் அளவு என் கணக்கை உறுதி செய்தது"ன்னு சொல்லுவான். எல்லாரும் கைதட்டுவாங்க. நானும் முன்வரிசையில உக்காந்து, பல்லைக் கடிச்சிட்டுத் தட்டுவேன். என்னத்தை உறுதி செஞ்சேன்? அவன் கோட்டை அவனுக்கே திருப்பிக் காட்டினேன். வருஷம் போகப் போக இவன் மூஞ்சியைப் பாத்தாலே எரிச்சலா வந்துச்சு. சாப்பிடற சத்தம், செருப்பு விடற சத்தம், எல்லாம். அது இவன்மேல இருந்த எரிச்சலா, என்மேல இருந்ததான்னு எனக்கே தெரியாமப் போச்சு.

— இத ஏம்மா ஒரு நாள் கூட சொல்லல?

— சொன்னா இப்ப சிரிச்ச மாதிரி சிரிப்பான். இருபத்தாறு வருஷமா பயந்தது இந்தச் சிரிப்புக்குத்தான்.

— நான் சிரிக்கல இப்போ.

— சரி, ம்மா. அழாம நான் சொல்றதைக் கேளு. அந்தக் கோட்டை ஒட்டறதுக்கு முன்னாடி, உன் புள்ளிகளை மட்டும் வெச்சு நேரா நீட்டிப் பாத்தியா?

— பாக்காமயா?

— எவ்வளவு?

— நாலு.

— நாலா?

— நாலு. என்னடி அப்படிப் பாக்கற? உன் நாலேதான்.

— என்கிட்ட ரெண்டு வருஷமா காந்தம் பொம்மைன்னு சண்டை போட்டியே!

— போட்டேன். உனக்கு நாலு வந்துச்சுன்னு நீ வந்து நின்ன அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. காலையில எழுந்து உன் காந்தத்தைத் திட்டினேன். வேற என்ன பண்ணச் சொல்ற?

— எல்லாத்தையும் மொதல்ல இருந்து சொல்லு. பொறுமையா.

— மொதல்ல இருந்துன்னா... சேம்பர் ஓட ஆரம்பிச்ச மொத வாரம், அஞ்சு வந்துச்சு. எனக்குத் தலைகால் புரியல. வீட்டுக்கு ஓடி வந்து இவன்கிட்ட சொன்னேன். நீ கைக்குழந்தை. உன்னைத் தூக்கிட்டு ஹால்ல சுத்திச் சுத்தி ஆடினேன். அடுத்த திங்கக்கிழமை பாக்கறேன், ஹைட்ரஜன் உள்ள வர்ற ஊசிக்குப் பக்கத்துல ஒரு வால்வு சரியா மூடல. வாயு ஊசி வழியா மட்டும் வராம சேம்பர் பூரா பரவிக் கெடந்திருக்கு. மொத வாரத்து அளவு அத்தனையும் குப்பை. தூக்கிப் போட்டேன்.

— அப்புறம்?

— வால்வை மூடிட்டு திரும்பத் திரும்ப அளந்தேன். மூணு வாரம். பதினோரு தடவை. பதினோரு தடவையும் நாலு. நிச்சயமாத் தெரிஞ்சப்புறம் இவன்கிட்ட சொல்லிக்கலாம், ஆடின ஆட்டத்துக்கு அவமானமா இருக்குன்னு அதுவரைக்கும் வாயே திறக்கல. சொல்லிடலாம்னு முடிவு பண்ணி ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தா, இவன் கதவைத் திறந்து கையில காகிதத்தோட நிக்கறான். "அஞ்சு! கணக்குலயும் அஞ்சு!"ங்கறான். செருப்பைக் கூட நான் கழட்டல.

— நீ சொல்லல.

— எப்படிச் சொல்லுவேன்? மொத வாரம் எனக்கு வந்த அதே அஞ்சு, இவனுக்குத் தனியா வந்து நிக்குது. அப்போ நான் என்ன நெனப்பேன்? அந்த மொத வாரம்தான் ஏதோ தெய்வாதீனமா சரியா வந்திருக்கு, அதுக்கப்புறம் அளந்த பதினொண்ணுலயும் என் கைதான் எதையோ தவற விட்டிருக்குன்னு நெனச்சேன். என் டிடெக்டருக்கு எட்டாத அம்பது டிகிரி இவன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன். என் கையை விட இவனை நம்பினேன்டி. அவ்வளவுதான் கதை. எழுதிக்கோ. "என் அம்மா புருஷனைப் பாத்து காப்பி அடிச்சா"ன்னே எழுதிக்கோ. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

— அந்தப் பதினோரு அளவும் இருக்காம்மா?

— நோட்டுல இருக்கு. நான் எதையும் கிழிக்கமாட்டேன். பீரோல மேல் தட்டு, நீல அட்டை.

— இது போதும்மா. இதுவே போதும். பதினோரு நாலு! தேதியோட! அம்மா பக்கம் எங்க தவறுச்சுன்னு காட்டியாச்சு. இனி அப்பாவோட கணக்குதான். ப்பா, உங்க கணக்குல எங்கயோ ஒரு தப்பு இருக்கு. அந்தக் கோடு ஏன் பின்னாடி தூக்குச்சுன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா, நான் ஆறு மணிக்கு முன்னாடியே அனுப்பிடுவேன்.

— பேசமாட்டான். கணக்கு தப்புன்னு சொன்னா அந்த வாய்ல இருந்து முத்து உதிர்ந்துடுமா? என்னைக் கிழிச்சுத் தொங்க விடும்போது மட்டும் எவ்வளவு வார்த்தை.

— ப்பா, ஏன் சுவரைப் பாத்துட்டு நிக்கறீங்க? உங்க பேப்பரையும் நான் படிச்சேன். எலக்ட்ரான் கிட்ட வரும்போது, மூலக்கூறுக்குள்ள ஏற்கெனவே இருக்கற ரெண்டு எலக்ட்ரானும் கொஞ்சம் ஒதுங்கி வழி விடும். வர்றது எவ்வளவு கிட்ட வர்ற வரைக்கும் அந்த ஒதுங்கலைக் கணக்குல சேக்கணும்னு ஒரு தூரம் வெக்கணும். அதை மாத்தினா விடையும் மாறும். அந்தத் தூரத்துக்கு நீங்க எழுதியிருக்கறது ஒரே வரி. "தகுந்த மதிப்பு தேர்ந்தெடுக்கப்பட்டது."

— இவனும் "தகுந்த"வா?

— எதைப் பாத்துப்பா தேர்ந்தெடுத்தீங்க?

— அதாவது... அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் இவ்வளவு கிடையாது கண்ணு. அந்தத் தூரத்தை முழுசாக் கணக்கு போட முடியாது. எல்லாரும் ஏதாவது ஒண்ணைப் பாத்துத்தான்...

— யாரையும் பாத்து எழுதினது இல்லன்னு இப்பத்தான் சொன்னீங்க.

— சொன்னேன்.

— ப்பா, நீங்க என்னைப் பாக்க வேண்டாம். சுவரைப் பாத்தே சொல்லுங்க. அம்மா அஞ்சுன்னு வந்து ஆடினாங்களே, அந்த ராத்திரிக்கு முன்னாடியே உங்க கணக்கு ஓடி முடிஞ்சிருந்துதா?

— முடிஞ்சிருந்துது.

— இரு, இரு. முடிஞ்சிருந்துதா? என்கிட்ட மூணு வாரம் ஆகும்னு சொன்ன. அந்த மூணு வாரம் நீ என்னதான் பண்ணிட்டிருந்த?

— அந்தத் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா நகத்திட்டிருந்தேன்.

— எதுக்கு நகத்தின? மொதல்ல உனக்கு என்ன வந்துச்சு? வாயைத் திறடா, என்ன வந்துச்சு?

— நாலு. நீ அளந்துட்டு வந்து அஞ்சுன்னு சொல்லிட்டியேன்னு, அந்த நாலை அடிச்சுட்டேன்.